மாதம் ஒரு பிரின்ட் என்று வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்

செம்மண்சாலை:

வணக்கம். பதிவு நீளம், முன்பே சொல்லிவிடுகிறேன்.

இருப்பது திருச்சி. முகூர்த்த நாட்களில் கல்யாண போட்டோ, அதுதான் சோறு போடுகிறது. மற்ற நாட்களில் நாலு வருடமாக ஒரே வேலை: புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து அய்யனார் கோயில்களில் நிற்கிற மண் குதிரைகளையும் அவற்றைச் செய்கிற வேளார் (குயவர்) வீடுகளையும் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நமணசமுத்திரத்தில் வண்டி பஞ்சர் ஆகி நின்றபோது பார்த்ததுதான் தொடக்கம். வரிசை வரிசையாகக் குதிரைகள், புதியவை பளிச்சென்று நிற்க, பக்கத்திலேயே பழையவை காதும் மூக்கும் உதிர்ந்து, இன்னும் பழையவற்றில் வெறும் கால்கள் மட்டும், அதற்கும் பழையவை ஓடாகச் சிதறி மண்ணோடு மண்ணாக. யாரும் பழையதை எடுத்துப் போடுவதில்லை, பழுது பார்ப்பதும் இல்லை. பஞ்சர் ஒட்டி முடித்து ஒரு மணி நேரம் ஆகியும் நான் கிளம்பவில்லை.

அப்புறம் புரவி எடுப்பு, அதாவது மண் குதிரை செய்வித்துக் கோயிலில் கொண்டு வைக்கிற விழா, எங்கே நடந்தாலும் ஓட ஆரம்பித்தேன். குதிரை செய்யச் சொல்லி ஊரார் வேளாரிடம் பிடிமண் (ஒரு கைப்பிடி மண்) கொடுப்பது, முதலில் நாலு காலையும் குழாய் குழாயாக நிறுத்தி அதன்மேல் வயிறு, கழுத்து, தலை என்று ஏற்றிக்கொண்டே போவது, வைக்கோலும் விறகும் போட்டுச் சூளை வைப்பது, பிறகு பொட்டலிலிருந்து குதிரைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவது, எல்லாம் எடுத்திருக்கிறேன். பல ஊர்களில் இப்போது சிமெண்ட் குதிரை வந்துவிட்டது. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, ஊர் விருப்பம். ஆனால் எனக்குத் தெரிந்த ஊர்களிலேயே மண் குதிரை எடுக்கிற வீடுகள் குறைந்துகொண்டு வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால், பெட்ரோலுக்காவது ஆகட்டும் என்று மாத ஆதரவாளர்களைச் சேர்த்தேன். இப்போது 96 பேர். 100 ரூபாய் கொடுப்பவர்கள் 60, 300 கொடுப்பவர்கள் 28, 1,000 கொடுப்பவர்கள் 8. மாதம் 22,400. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆரம்ப உற்சாகத்தில் நான் கொடுத்த வாக்கைப் பாருங்கள்: எல்லாருக்கும் ஒரு போஸ்ட்கார்டு, 300 கொடுப்பவர்களுக்கு அதோடு ஒரு 8×12 அங்குல பிரின்ட், 1,000 கொடுப்பவர்களுக்கு 12×18. மாதாமாதம். கையெழுத்தோடு.

கார்டு அச்சு, உறை, தபால்தலை சேர்த்து ஒன்றுக்கு 22 ரூபாய் ஆகிறது. 8×12 ஒன்றுக்குக் கூரியரோடு 140, பெரியதற்கு 650. கூட்டினால் 11,232. பாதிக் காசு வந்த வழியே திரும்பிப் போகிறது. காசு போனால்கூடப் பரவாயில்லை, நாள் போகிறது. பிரின்ட் போட, வெட்ட, அட்டை வைத்துக் கட்ட, விலாசம் எழுத, கூரியர் ஆபீசில் நிற்க, இன்னும் வரவில்லை என்பவர்களுக்குப் பதில் சொல்ல என்று மாதத்தில் ஆறேழு நாள் சரியாகப் போய்விடுகிறது. போன மாதம் ஒரு ஊரில் பிடிமண் கொடுத்தார்கள், பதினோரு வருடம் கழித்து அந்த ஊரில் நடக்கிறது, முந்தின நாளே எனக்கு போன் வந்தது, நான் தரையில் உட்கார்ந்து அட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். போகவில்லை.

இப்போது இரண்டு மாத பாக்கி வேறு. ஒருவர் நயமாக எழுதிவிட்டு விலகினார், இன்னொருவர் நயமில்லாமல். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கல்யாணக் காசிலேயே எடுத்துக்கொள்ளலாமா என்று தோன்றுகிறது. வேறு வழி இருந்தால், செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். செய்யாதவர்களும் சொல்லலாம், ஆனால் படம் போட்ட மக் விற்கச் சொல்லாதீர்கள்.


இருட்டறை:

தம்பி, மக் பேச்சை எடுக்க மாட்டேன். நான் பிலிம் காலத்து ஆள், கழுவிக் கொடியில் தொங்கவிட்டுப் பழகியவன்.

உன் தொல்லை முழுக்க 'மாதம்' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. நீ எடுக்கிற விஷயம் மாதக் கணக்கிலா நடக்கிறது? உங்கள் பக்கம் புரவி எடுப்பு பெரும்பாலும் வைகாசிக்கும் ஆவணிக்கும் நடுவில்தானே வரும். ஐப்பசி கார்த்திகை மழையில் எந்த வேளார் சூளை வைப்பார், மண்ணே காயாதே. அப்போது கார்த்திகைக்கு என்ன பிரின்ட் அனுப்புவாய்? ஹார்டு டிஸ்க்கைக் கிளறி எதையாவது எடுத்து, கணக்குக்கு அனுப்புவாய். வாங்குகிறவனுக்கும் அது தெரிந்துவிடும். வருடத்துக்கு மூன்று அனுப்பு: பிடிமண்ணுக்கு ஒன்று, சூளைக்கு ஒன்று, எடுப்புக்கு ஒன்று. காசு மாதாமாதம் வரட்டும், படம் அதனதன் பருவத்தில் போகட்டும்.

ஆதரவாளர் காசில் படம் எடுப்பது ஏதோ இணையம் வந்த பிறகு வந்தது என்று நினைக்காதே. எட்வர்ட் கர்ட்டிஸ் என்று ஒரு அமெரிக்கர், அங்கத்துத் தொல்குடி மக்களை எல்லாம் எடுத்தே தீருவேன் என்று கிளம்பினார். 1906-இல் ஜே.பி. மார்கன் என்ற பெருங்கோடீஸ்வரர் வருடம் 15,000 டாலர் வீதம் ஐந்து வருடத்துக்கு 75,000 டாலர் தருவதாக ஒப்புக்கொண்டார். மிச்சத்தை கர்ட்டிஸ் சந்தா பிடித்துத் திரட்டிக்கொள்ள வேண்டும். 20 தொகுதி, 500 செட் என்பது திட்டம். முதல் தொகுதி 1907-இல் வந்தது, இருபதாவது வந்தது 1930-இல். 300 செட்கூட விற்கவில்லை. சம்பளம் என்று தனக்கு ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் வேலை பார்த்தார், நடுவில் மேடையில் இசையோடு படம் காட்டியெல்லாம் பணம் சேர்க்கப் பார்த்தார். குடும்பம் பிரிந்தது, ஸ்டுடியோ மனைவி பக்கம் போனது. கடைசியில் 1935-இல், விற்காமல் கிடந்த செட்டுகள், அச்சுத் தகடுகள், உரிமை எல்லாவற்றையும் மார்கன் தரப்பு பாஸ்டனில் ஒரு புத்தக வியாபாரியிடம் 1,000 டாலருக்கும் கொஞ்சம் ராயல்டிக்கும் தள்ளிவிட்டது. முப்பது வருட உழைப்பு.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. கூடாரத்துக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிற அவருடைய படம் ஒன்றில், அவர்களுக்கு நடுவில் ஒரு கடிகாரம் இருந்தது. அச்சில் அதை அழித்துவிட்டார். பழைய காலம் கெடாமல் அப்படியே இருப்பதுபோல் தெரிய வேண்டுமாம். உன் பதிவில் சிமெண்ட் குதிரை பற்றிப் படித்ததும் எனக்கு அந்தக் கடிகாரம்தான் ஞாபகம் வந்தது. அந்தப் பெயின்ட் அடித்த குதிரை ஒன்றாவது உன் ஆதரவாளர் வீட்டுக்குப் போயிருக்கிறதா? போகவில்லை என்றால் அடுத்த கார்டு அதுதான்.


சூளைமேட்டுப்பூனை:

நான் காசு கொடுக்கிற பக்கத்து ஆள். மூன்று பேருக்கு மாதாமாதம் கொடுக்கிறேன், அதில் இரண்டு போட்டோ, ஒன்று நாட்டுப்புறப் பாட்டுப் பதிவு.

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு வந்த பிரின்ட்டுகளில் பாதிக்கு மேல் கவரோடு பீரோ மேல் கிடக்கிறது. வாடகை வீடு, ஆணி அடிக்க ஓனர் விடமாட்டார், அடித்தாலும் வீட்டில் இருப்பது நாலு சுவர், அதில் ஒன்றில் டிவி. மாதம் ஒரு 12×18 வந்தால் வருடத்துக்குப் பன்னிரண்டு. அந்த எட்டு பேர் அதை எங்கே வைக்கிறார்கள் என்று எப்போதாவது கேட்டீர்களா?

நான் காத்திருந்து திறப்பது வேறு ஒன்றை. ஒருவர் மாதக் கடைசியில் சும்மா ஒரு மின்னஞ்சல் எழுதுவார், ஒரே நாளில் எடுத்த இருபது முப்பது படத்தைக் குட்டிக் குட்டியாக ஒரே பக்கத்தில் போட்டு, எது தேறியது, மற்றது ஏன் கழிந்தது என்று. இதில் ஒரு ஆடு குறுக்கே வந்தது, இதில் அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டாள், இது நன்றாக இருக்கிறது ஆனால் பொய். 'நன்றாக இருக்கிறது ஆனால் பொய்' என்றதை நான் ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். அது எழுத அவருக்கு ஒரு மாலை ஆகியிருக்கும், தபால் செலவு சுழியம்.

பிடிமண்ணுக்குப் போகாமல் அட்டை வெட்டினேன் என்று படித்ததும் எனக்குக் கோபமே வந்தது. உங்களுக்குக் காசு கொடுக்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், எனக்கு கார்டு வேண்டாம் நீ போய் வா என்றுதான் சொல்லியிருப்பார்கள். போகவில்லை என்பதை அவர்களுக்கு எழுதினீர்களா? எழுதியிருக்க மாட்டீர்கள். பாக்கிக்கு மன்னிப்பு மட்டும் கேட்டு எழுதியிருப்பீர்கள்.

அப்புறம் ஒன்று, படங்களைக் காசு கட்டியவர்களுக்கு மட்டும் என்று பூட்டி வைக்காதீர்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய பாரி என்ற கிராமப்புறச் செய்தி இணையதளத்தில் எல்லாப் படமும் கட்டுரையும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம், தமிழிலும் படிக்கலாம், அதற்கும் வாசகர்கள் நன்கொடை கொடுக்கத்தான் செய்கிறார்கள். மதுரைக்காரரான எம். பழனிகுமாரின் துப்புரவுத் தொழிலாளர் படங்களை நான் அங்கேதான் பார்த்தேன், ஒரு பைசா கட்டாமல். பார்த்த பிறகு கொடுக்கத் தோன்றியது.


செம்மண்சாலை:

இருட்டறை அண்ணே, சிமெண்ட் குதிரை போகவில்லை. ஒன்றுகூட. பதிவில் புகார் இல்லை என்று எழுதிவிட்டு அனுப்பியதெல்லாம் மண் குதிரைதான். பிடிபட்டுவிட்டேன்.

பூனை, எழுதவில்லைதான். இன்று இரவு எழுதுகிறேன்.

இரண்டு சின்னக் கேள்வி மிச்சம். பெரிய பிரின்ட்டில் நாலைந்து இருட்டடித்து வந்து, என் செலவில் மறுபடி போட்டேன், அது ஏன்? இன்னொன்று, 1,000 ரூபாய்க்காரர்களில் ஒருவர் தன் கம்பெனிக்கு அடுத்த வருடக் காலண்டருக்காக ஒரு தொகை தருகிறேன், பன்னிரண்டு குதிரைப் படம் எடுத்துக் கொடு என்கிறார். நல்ல தொகை. வாங்கலாமா?


சிவகாசிமை:

இருட்டடிப்பதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், மற்றது பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

லேபைத் திட்டுவதற்கு முன்னால் உங்கள் மானிட்டரின் வெளிச்சத்தைப் பாருங்கள். முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்தினால் படம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், நீங்களும் படத்தின் நிழல் பகுதிகளில் வெளிச்சத்தை ஏற்றாமல் விட்டுவிடுவீர்கள். காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, அதனால் இருட்டாக வரும். இருட்டறையில் உட்கார்ந்து திருத்துகிறவர்களுக்கு இது இன்னும் மோசம் (மேலே உள்ள அண்ணனைச் சொல்லவில்லை). வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்கி, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்து, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரிகிற வரை குறையுங்கள். மானிட்டரை அளக்கிற கருவி வாங்கிச் சரிசெய்தால் இன்னும் நல்லது. சாதாரண லேப் என்றால் கோப்பை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான கலர் அமைப்பில் கொடுங்கள், வேறு கலர் அமைப்பில் கொடுத்தால் அந்தச் செம்மண் கலர் செத்துப்போய் வரும். பெரிய பிரின்ட் போடுவதற்கு முன்னால் அதே படத்தில் ஒரு 4×6 போட்டு வெயிலிலும் டியூப் லைட்டிலும் பாருங்கள், பத்து இருபது ரூபாயில் 650 மிச்சம்.

கார்டுக்கு 12×18 தாளில் போட்டால் 4×6 சரியாக ஒன்பது உட்காரும், 96 பேருக்கு 11 தாள் போதும், மூன்று உபரி. வருடத்துக்கு மூன்று முறை என்று மாற்றினால் மூன்றையும் ஒரே தடவையில் அச்சடித்து வைத்துவிடலாம் என்று ஆசை வரும், செய்யாதீர்கள், அப்புறம் மூன்றும் பழைய படமாகத்தான் இருக்கும்.

பெரிய பிரின்ட்டை மாதாமாதம் அனுப்புவதை விட்டுவிட்டு வருடத்தில் ஒரு வாரம் மட்டும் விற்கலாம். மேக்னம் என்ற பன்னாட்டுப் போட்டோக்காரர்கள் கூட்டமைப்பில் 2014-இலிருந்து கிட்டத்தட்ட அப்படித்தான் செய்கிறார்கள், ஆறு அங்குலச் சதுரத்தில் சின்ன பிரின்ட், ஆரம்பத்தில் 100 டாலர், சில நாள்தான் கடை திறந்திருக்கும், அப்புறம் மூடிவிடுவார்கள். எத்தனை ஆர்டர் என்று தெரிந்த பிறகுதான் நீங்கள் அச்சுக்கே போகிறீர்கள், கட்டுகிற வேலையும் ஒரே தடவையில் முடிகிறது. எண்ணிக்கை வைத்து விற்றால், 25 என்று எழுதினால் 25-தான். இருபத்தாறாவது ஆள் எவ்வளவு கேட்டாலும் அதே அளவில் போடாதீர்கள். அந்த வகைக்கு மட்டும் பருத்திக் காகிதம், பிக்மென்ட் மை. கார்டுக்கெல்லாம் அது வேண்டாம், வீண் செலவு.

சுருட்டி அனுப்புவதாக இருந்தால் இரண்டு அங்குல பிவிசி குழாயை ஹார்டுவேர் கடையில் வெட்டி வாங்குங்கள். உள்ளே ரப்பர் பேண்ட் போடாதீர்கள், தடம் விழும்.


கணக்கப்பிள்ளை:

காலண்டர் கேள்விக்கு வருகிறேன், அதோடு நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்காததில்தான் எல்லாரும் மாட்டுகிறார்கள்.

1957 பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. படம் எடுத்தவர்தான் உரிமைக்காரர், சரி. ஆனால் ஒருவர் பணம் கொடுத்து, எனக்கு இந்தப் படம் எடுத்துக் கொடு என்று சொல்லி நீங்கள் எடுத்தால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை அவருக்குப் போய்விடும். நீங்கள் கல்யாணத்துக்கு எடுக்கிற படங்களும் இந்த வகைதான். காலண்டர்க்காரர் 'எடுத்துக் கொடு' என்றாரா, ஏற்கெனவே எடுத்ததைக் காலண்டரில் போட அனுமதி கேட்டாரா என்பதில் எல்லாமே இருக்கிறது. இரண்டாவது மாதிரி எழுதிக்கொள்ளுங்கள்: இந்தப் பன்னிரண்டு படம், இந்த ஒரு வருடக் காலண்டர், இத்தனை பிரதி, உரிமை என்னிடம். ஒரு பக்கக் கடிதம் போதும், இரண்டு பேர் கையெழுத்து. அவர் நல்லவராகவே இருக்கட்டும், மார்கன்கூட கர்ட்டிஸுக்கு நல்லது செய்யத்தான் பணம் கொடுத்தார்.

அடுத்தது, உங்களுக்கு வருடம் 2,68,800 வருகிறது. இதை நன்கொடை என்று எழுதிவைத்தால் வரி கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து வருடத்தில் 50,000-க்கு மேல் வருகிற அன்பளிப்பு, முழுத் தொகையுமே வருமானக் கணக்கில் வரும். நீங்கள் பிரின்ட் வேறு கொடுக்கிறீர்கள், அதனால் தொழில் வருமானமாகக் காட்டுவதே நேர்மை, லாபமும் அதில்தான், அந்த 11,232-ஐயும் பெட்ரோலையும் செலவாகக் கழிக்கலாம். பில்லை எல்லாம் வைத்திருங்கள்.

ஜிஎஸ்டிக்குப் பொருள் மட்டும் விற்றால் 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்பார்கள். அது மாநிலத்துக்குள்ளே. பெங்களூருக்கு ஒரு பிரின்ட் விற்றால், அதாவது வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால், விதி வேறு, தொகை எவ்வளவு என்பதே பேச்சில்லாமல் பதிவு கேட்கும். கல்யாண வேலைக் கணக்கும் இதோடு சேரும். ஊரில் ஒரு ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள்.

உங்கள் ஆதரவாளர்களில் வெளிநாட்டில் யாராவது இருக்கிறார்களா? இந்தியக் குடியுரிமையோடு துபாயில் வேலை பார்க்கிறவர் தன் சேமிப்பிலிருந்து அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்ட நண்பர் அனுப்பினால், அவர் தமிழே பேசினாலும், வெளிநாட்டு மூலம்தான். கலாசாரப் பணிக்கு நன்கொடை என்று அதை வாங்கினால் 2010 வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் குறுக்கே வரும். பிரின்ட்டுக்கு விலை போட்டு, பில் கொடுத்து விற்பது வேறு கணக்கு. இதையும் அதே அரை மணி நேரத்தில் கேட்டுவிடுங்கள்.


பொட்டல்காரன்:

அண்ணே, எல்லாரும் 96 பேரைப் பற்றியே பேசுகிறார்கள். நான் வேறு ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் அம்மா வழியில் வேளார் வீடு. நான் கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், மண்ணைத் தொட்டதில்லை. தாத்தா கடைசிவரை குதிரை எடுத்தவர். பிடிமண் வாங்கிவிட்டால் வீட்டில் கவிச்சி கிடையாது, அவர் யார் வீட்டிலும் கை நனைக்க மாட்டார், குதிரை கோயிலில் இறங்குகிற வரைக்கும் விரதம். நான் எட்டாவது படிக்கும்போது கேமராவோடு ஒருவர் வந்தார், இரண்டு நாள் தங்கினார், அம்மாச்சி அவருக்குத் தனியாக முட்டை வேகவைத்துக் கொடுத்தது பக்கத்து வீட்டு அடுப்பில், ஏனென்றால் எங்கள் அடுப்பில் கூடாது. நிறையப் படம் எடுத்தார். அனுப்பி வைக்கிறேன் என்று விலாசம் எழுதிக்கொண்டு போனார். பல வருடம் கழித்து ஒரு பத்திரிகையில் தாத்தாவைப் பார்த்தேன், அரைப் பக்கத்துக்கு, கையில் குதிரைத் தலையோடு. வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை. தாத்தா செத்தபோது மாலை போட நல்ல படம் இல்லை, வாக்காளர் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கினோம், முகமே தெரியாது.

உங்கள் லிஸ்டில் 96 விலாசம் இருக்கிறது. அதில் வேளார் தெரு எத்தனை?

காசு கொடுங்கள் என்று கேட்கவில்லை, கொடுத்தாலும் நல்லதுதான். படம் கொடுத்தீர்களா என்றுதான் கேட்கிறேன். இன்னொன்று, சாமியாடி அருள் வந்து நிற்கிற படத்தை விற்காதீர்கள். அவரை விட்டு அருள் போன பிறகு, நிதானமாக இருக்கும்போது கேளுங்கள், அவர் சரி என்றால் சரி. அப்புறம், காட்டுக்குள் ஆள் நடமாட்டம் இல்லாத கோயில் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகப் போடாதீர்கள், போட்டோ கோப்பிலேயே இடம் பதிந்திருக்கும் என்கிறார்கள், அதையும் எடுத்துவிடுங்கள். கோயில் சாமான் போன ஊர்கள் எங்கள் பக்கம் உண்டு.


செம்மண்சாலை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

பொட்டல்காரன், உங்கள் கேள்விக்கு அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. பதில் சுழியம். இரண்டு வீட்டுக்கு போனில் அனுப்பியிருக்கிறேன், வாட்ஸ்அப்பில், அதைப் படம் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தால் 14 வீடு. ஏழு வீட்டில் விலாசம் எழுதி வாங்கியிருக்கிறேன், அனுப்புகிறேன் என்று சொல்லி, உங்கள் வீட்டுக்கு வந்தவர் மாதிரியே.

96 பேருக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினேன். பிடிமண்ணுக்குப் போகாததையும் எழுதினேன். இனி வருடத்துக்கு மூன்று அனுப்பல், நடுவில் மாதம் ஒரு கடிதம், பெரிய பிரின்ட் வருடத்தில் ஒரு வாரம் மட்டும், பாக்கி இரண்டு மாதத்தை முதல் அனுப்பலோடு சேர்த்துவிடுகிறேன், ஒத்துவராதவர்கள் சொன்னால் கடைசி இரண்டு மாதக் காசைத் திருப்பித் தருகிறேன் என்று. ஐந்து பேர் விலகினார்கள், அதில் இரண்டு பேர் காசு வேண்டாம் என்றுவிட்டார்கள். 1,000 ரூபாய்க்காரர் ஒருவர், அப்பாடா, கட்டிலுக்கு அடியில் இடமில்லை என்று எழுதினார். பூனை, அது நீங்கள் இல்லையே?

காலண்டர்க்காரருக்கு ஒரு பக்கக் கடிதம் போயிருக்கிறது, யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். ஆடிட்டரிடம் போனேன், அரை மணி நேரம் இல்லை, இரண்டு மணி நேரம். என் லிஸ்டிலும் ஒரு சிங்கப்பூர் நண்பர் இருந்தார், அவரிடம் காசு அனுப்புவதை இப்போதைக்கு நிறுத்தச் சொல்லிவிட்டேன். மானிட்டர் வெளிச்சம் நூற்றுக்கு நூறில் இருந்தது, வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

14 வீட்டுக்கும் லேமினேஷன் போட்டு, பின்னால் மரக்கட்டை வைத்து, மாட்டுகிற மாதிரி செய்தேன். கூரியர் இல்லை, நானே போகிறேன். இதுவரை ஆறு வீடு. முதலில் போனது அந்தப் பிடிமண் ஊர். அங்கே பெரியவரிடம் நான் கொடுத்தது, என் படங்களிலேயே நான் ஒசத்தி என்று நினைப்பது: குதிரை முகத்துக்குப் பக்கத்தில் அவர் முகம், இரண்டும் ஒரே கலர், சட்டம் நெருக்கி. எல்லா ஆதரவாளருக்கும் முதல் கார்டாகப் போனதும் அதுதான்.

வாங்கி, வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தன்னைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. "காது எங்க தம்பி?" என்றார். எனக்குப் புரியவில்லை. "குதிரைக்குக் காது எங்க? காது இல்லாமலா செஞ்சு குடுத்தேன்?" அவர் மகனும் எட்டிப் பார்த்துச் சிரித்தார், அந்த அம்மா மட்டும் மனுசன் நல்லா விழுந்திருக்கு என்று எனக்காகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மூலக் கோப்பைத் திறந்தேன். காது இருக்கிறது, இரண்டும், உச்சியில் மாவிலை மாதிரி நிமிர்ந்து. நான்தான் வெட்டியிருக்கிறேன். காதோடு மறுபடி அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன், இந்த முறை முதலில் ஒரு 4×6 போட்டுப் பார்த்து. வியாழக்கிழமை அந்த ஊரில் சூளை பிரிக்கிறார்கள், எடுத்துக்கொண்டு போகிறேன்.